வேடம் கலைந்த பிறகு



குற்றாலத்தில் சாரல் பிடித்துவிட்டது. பேரருவி இரைச்சலோடு விழுகிறது. ஐந்தருவிச் சாலையில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் குவிந்துவிட்டன. தென்காசியில் இறங்குகிற ரயில் கூட்டத்தில் பாதிப் பேர் தோளில் துண்டோடுதான் இறங்குகிறார்கள். குளித்து முடித்து, ஈரத் தலையோடு, பார்டர் பரோட்டாவுக்காகச் செங்கோட்டைப் பக்கம் வண்டியைத் திருப்புவது இந்தச் சீசனில் யாரும் மீறாத சட்டம். அப்படித் திருப்புகிறவர்களிடம் இந்த மாதம் ஒரு பெயரைச் சொல்லி அனுப்ப ஆசை: எஸ்.ஜி.கிட்டப்பா. 'எஸ்' செங்கோட்டை. 'ஜி' அவருடைய தகப்பனார் கங்காதர ஐயர்.

1906 ஆகஸ்ட் 25 அன்று பிறந்தார். வீட்டில் வைத்த பெயர் ராமகிருஷ்ணன். செங்கோட்டை அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்து ஊர். 1956 நவம்பர் 1 அன்றுதான் தமிழகத்தோடு வந்து சேர்ந்தது. வீட்டில் பிள்ளைகள் நிறைய, வருமானம் குறைவு. பாட வருகிற பையனுக்கு நாடகக் கம்பெனியில் மூன்று வேளைச் சோறு நிச்சயம் என்பதால் அண்ணன்மாரோடு சின்ன வயதிலேயே மேடை ஏறினார். சங்கரதாஸ் சுவாமிகளின் சபையில் பாடம். பிறகு பிரம்மாண்டக் காட்சிகளுக்குப் பெயர்போன கன்னையா கம்பெனியில் புகழ். 1933 டிசம்பர் 2 அன்று மறைந்தபோது வயது 27.

எட்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தென்காசியிலேயே இந்தப் பெயர் இன்று எத்தனை பேருக்குத் தெரியும்? இத்தனைக்கும், தமிழ் மேடையில் ஓர் ஆணின் குரலும் ஒரு பெண்ணின் குரலும் எங்கே பிரிகின்றன என்ற கேள்வியைக் கிளப்பிவிட்டவர் அவர். அந்தக் கேள்விக்குத் தன் வாழ்நாள் முழுவதையும் பதிலாகத் தந்தவர் அவருடைய துணைவியார் கே.பி.சுந்தராம்பாள். இந்த மாதப் பக்கம் அவர்கள் இருவருக்கும், அவர்களைப் போல வேடத்தில் ஏறி, வேடத்தோடு இறங்கியவர்களுக்கும்.

ஓர் ஆண் பாடகர் கண்ணுக்கு மையிட்டு, உதட்டுக்குச் சாயம் பூசி மேடைக்கு வந்தால், 'எல்லாம் வெளிநாட்டுப் பழக்கம்' என்று சொல்லிவிடுகிறோம். வெளிநாட்டில் உண்டுதான். லண்டனின் பாய் ஜார்ஜ், பின்னிய கூந்தலும் தொளதொள அங்கியுமாக 1982ல் 'கல்ச்சர் கிளப்' குழுவோடு புகழுக்கு வந்தார். 1984ல் அந்தக் குழு புதுமுகங்களுக்கான கிராமி விருது வாங்கியது. 1986ல் அவர் போதைப் பழக்கத்தில் சிக்கிய செய்திகள் பத்திரிகைகளில் வந்தன, குழுவும் கலைந்தது. ஏற்றமும் இறக்கமும் நாலு வருஷத்துக்குள் முடிந்த கதை. ஆனால் இந்த மாதிரிக் கதைகள் நம் சீமைக்குப் புதுசில்லை.

சுடலைமாடன் கோயில் கொடை விழாவுக்குப் போனவர்களுக்குக் கணியான் கூத்து தெரியும். நடுவே அண்ணாவி நின்று கதையைப் பாட, பின்பாட்டுக்காரர் வாங்கிப் பாட, இரண்டு மகுடங்கள் முழங்க, முன்னால் சலங்கை கட்டி ஆடுகிற இருவரும் பெண் வேடமிட்ட ஆண்கள். விடிய விடிய நடக்கும். தாமிரபரணிக் கரையிலும் சிற்றாற்றுப் பக்கத்திலும் நம் பாட்டிமார் இதைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவர்கள். ஆண் பெண்ணாக ஆடினால் சாமி கோபித்துக்கொள்ளும் என்று அவர்கள் யாரும் நினைக்கவில்லை. ஆடாவிட்டால்தான் கொடையில் குறை.

இதே வழக்கம் நாடகத்துக்குள் வந்தபோது தொழிலாக மாறியது. பாய்ஸ் கம்பெனிகளில் பையன்கள்தான் எல்லாம்: ராஜபார்ட், கள்ளபார்ட், பபூன், ஸ்த்ரீபார்ட். குரல் உடையாத பையன், முகம் கொஞ்சம் களையாக இருந்தால் ஸ்த்ரீபார்ட் அவனுக்கு. வள்ளியும் தமயந்தியும் சந்திரமதியும் அவனே. நடிகர் திலகம் சிவாஜி கணேசனே திருச்சியில் யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளை கம்பெனியில் சீதையாக வேடம் கட்டித்தான் நடிப்பைத் தொடங்கினார். எந்தப் பையனுக்கு 'ஒன்ஸ்மோர்' அதிகம் கிடைக்கிறதோ அவனுக்கே நோட்டீஸில் கொட்டை எழுத்து.

அந்தப் புகழுக்குக் காலாவதித் தேதி ஒன்று இருந்தது. அதன் பெயர் மகரக்கட்டு. பதிமூன்று, பதினான்கு வயதில் ஒருநாள் குரல் உடையும். நேற்று வரை மேல் ஸ்தாயியில் நின்று விளையாடிய தொண்டை இன்று தவளையாகிவிடும். கம்பெனி முதலாளிகளுக்கு இது நன்றாகத் தெரியும். அடுத்த பையனைத் தயார் செய்து வைத்திருப்பார்கள். குரல் போன பையன்களில் சிலர் வேறு வேடத்துக்கு மாறினார்கள், சிலர் ஆர்மோனியத்துக்கோ சீன் இழுக்கவோ போனார்கள், பலர் ஊருக்குத் திரும்பினார்கள். மேடையில் பெண்ணாக நின்றபோது மயங்கிய ஊர், தெருவில் அவன் நடையைப் பார்த்துக் கேலி செய்தது. ஒரு பாடகனின் வீழ்ச்சி என்றால் மதுவையும் பணத்தையும் நினைக்கிறோம். இந்தப் பிள்ளைகள் ஒரு தப்பும் செய்யவில்லை. வளர்ந்தார்கள், அவ்வளவுதான்.

கிட்டப்பாவின் அதிசயம் இங்கேதான். அவரும் வளர்ந்தார், மீசை முளைக்கிற வயதைத் தாண்டினார், குரல் மட்டும் கீழே இறங்கவில்லை. கச்சேரி மேடையில் ஆண்கள் பொதுவாக ஒன்று, ஒன்றரை, இரண்டு கட்டைச் சுருதியில் பாடுவார்கள். ஐந்து, ஐந்தரைக் கட்டை பெண் குரலின் இடம். கிட்டப்பா அந்த உயரத்தை ஒட்டிய சுருதியில், ஆண் குரலின் பலம் குறையாமல், பிருகாக்களைப் பொரி பொரியாக உதிர்த்துப் பாடினார். ஒலிபெருக்கி இல்லாத காலம். தகரக் கொட்டகையின் கடைசி வரிசையில் தரை டிக்கெட்டில் உட்கார்ந்திருப்பவனுக்கும் சொல் தெளிவாகக் கேட்க வேண்டும். கீழ்ச் சுருதியில் பாடினால் முன்வரிசைக்குத்தான் எட்டும். கொட்டகை கேட்ட குரல் அது. இயற்கை அவருக்கு அதைக் கொடுத்திருந்தது. வேடத்தில் அவர் ராஜபார்ட். சுருதியில் ஸ்த்ரீபார்ட்டின் எல்லைக்குள் போய் உலவி வந்தவர்.

அந்த எல்லையில் அவருக்கு நேர் எதிரே நின்றவர் கொடுமுடி சுந்தராம்பாள். 1908ல் பிறந்தவர். வேலு நாயர் கம்பெனியில் அவர் முதலில் ஏற்ற வேடமே ஆண் வேடம்: நல்லதங்காள் நாடகத்தில் பசியால் அழுகிற மகன். 1920களின் நடுவில் கொழும்பில் நாடகம் நடந்தபோது இருவரும் முதன்முதலில் ஒரே மேடைக்கு வந்தார்கள். ஏற்பாடு செய்தவர்களுக்கே பயம்: இரண்டும் மேல் சுருதிக் குரல், ஒன்றை ஒன்று அமுக்கிவிட்டால்? வள்ளி திருமணத்தில் அவர் வேலனாகவும் இவர் வள்ளியாகவும் நின்று பாட்டுக்குப் பாட்டு மோதியபோது, அமுங்கியது பயம்தான். பொதுவாக ஆணும் பெண்ணும் சேர்ந்து பாடினால் யாராவது ஒருவர் தன் சுருதியை விட்டுக்கொடுத்தாக வேண்டும். இந்த ஜோடிக்கு அந்தத் தொல்லை இல்லை. 1927ல் திருமணம். கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே மணமாகியிருந்தது. இந்த வாழ்க்கையில் பிணக்கும் பிரிவும் இருந்தன. மேடையில் மட்டும் அந்தக் குரல்கள் பிரியவில்லை.

தமிழின் முதல் பேசும்படம் 'காளிதாஸ்' 1931 அக்டோபரில் வந்துவிட்டது. அதற்குப் பின் இரண்டு வருஷம் கிட்டப்பா உயிரோடு இருந்தார். ஆனாலும் எந்தப் படத்திலும் நடிக்கவில்லை. நமக்கு மிஞ்சியவை இசைத்தட்டுகளும் சில புகைப்படங்களும்தான். ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷம் சுற்றுகிற அந்த அரக்குத் தட்டுகளில், விடிய விடியப் பாடிய ஒரு மனிதர் மூச்சைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறார். அதிலேயே இவ்வளவு இருக்கிறதென்றால் கொட்டகையில் என்ன கேட்டிருப்பார்கள் என்று பெருமூச்சு விடத்தான் முடிகிறது.

கிட்டப்பாவுக்கு இறக்கமே வரவில்லை, வருவதற்குள் போய்விட்டார். இருந்திருந்தால் வந்திருக்குமா? வந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். 1930களில் ஒலிபெருக்கி மேடைக்கு வந்தது. மைக் வந்ததும் ஆண் குரல் மெல்ல மெல்ல இறங்கத் தொடங்கியது. கத்தாமல் பாடலாம், காதருகே பேசுகிற மாதிரி பாடலாம் என்று ஆனபின், கொட்டகைக் குரல் பழைய பாணி ஆகிவிட்டது. கிட்டப்பாவைக் கேட்டு வளர்ந்த சோழவந்தான் டி.ஆர்.மகாலிங்கம் அந்த உயரத்தை 1945ன் 'ஸ்ரீவள்ளி'யில் திரைக்குக் கொண்டுவந்து பெரும் புகழ் பெற்றார். அடுத்த பத்து வருஷத்துக்குள் திரைப்பாட்டின் ருசியே மாறிவிட்டது. அவரும் சொந்தப் படங்கள் எடுத்துக் கையைச் சுட்டுக்கொண்டு, ஒதுங்கியிருந்து, மறுபடி வந்து பாட வேண்டியிருந்தது. தொண்டை மாறவில்லை, கேட்கிற காது மாறிவிட்டது.

இந்த இறக்கத்தை முழுதாக அனுபவித்தவர்கள் உண்டு. கும்பகோணம் பாலாமணி அம்மாள் பெண்களை மட்டுமே வைத்துக் கம்பெனி நடத்தியவர்; அங்கே ராஜபார்ட்டும் பெண்தான். அவர் நாடகம் பார்க்க வருகிறவர்களுக்காகத் தனி ரயில் விட்டார்கள், அதற்கு 'பாலாமணி ஸ்பெஷல்' என்றே பெயர் என்று பழைய நாடகக்காரர்கள் சொல்வார்கள். அந்த அம்மாள் கடைசிக் காலத்தில் மதுரையில் வறுமையில் கிடந்து மறைந்தார்.

மராத்தி நாட்டில் பால கந்தர்வா. 1888ல் பிறந்த நாராயண் ராஜ்ஹன்ஸ். சிறுவனாக இவர் பாடியதைக் கேட்டு அந்தப் பட்டத்தைத் தந்தவர் திலகர். பெண் வேடத்தில் அவர் கட்டிய புடவைக் கட்டையும் சூடிய பூவையும் பார்த்துப் பெரிய வீட்டுப் பெண்கள் தங்களை அலங்கரித்துக்கொண்டார்கள். பெண்களே மேடைக்கு வரத் தொடங்கி, பேசும்படமும் வந்தபோது, அவருடைய கம்பெனி கடனில் மூழ்கியது. 1955ல் சங்கீத நாடக அகாதெமி விருது, 1964ல் பத்மபூஷண் எல்லாம் கிடைத்தன. ஆனாலும் 1967ல் அவர் மறைந்தபோது பழைய செல்வத்தில் எதுவும் மிச்சமில்லை. உடல் தளர்ந்த பின்னும் அவர் பெண் வேடத்தையே நம்பியிருந்தார். ரசிகர்கள் இருபது வயது பாமினியையும் ருக்மிணியையும் எதிர்பார்த்து வந்தார்கள். வந்து நின்றது ஒரு முதியவர்.

அவர் வாழ்க்கையில் ஒரு வருஷம் மட்டும் நம் கதையோடு வந்து முட்டுகிறது: 1935. அந்த வருஷம் புனேயில் சாந்தாராம் எடுத்த 'தர்மாத்மா' படத்தில், பெண்ணாகவே புகழ்பெற்ற பால கந்தர்வா ஆண் வேடம் ஏற்றார். தீண்டாமையை மறுத்த ஏகநாதர். அதே வருஷம் தமிழில் 'பக்த நந்தனார்'. அதில் கே.பி.சுந்தராம்பாள் நந்தனார். ஒரு பக்கம் பெண் வேடத்து ஆண் புடவையைக் களைகிறார். இன்னொரு பக்கம் ஒரு பெண் நாலு முழ வேட்டியைக் கட்டுகிறார். இரண்டு படங்களும் தீண்டாமை பற்றியவை. யாரும் பேசி வைத்துச் செய்ததல்ல.

சுந்தராம்பாள் ஏன் ஆணாக நடித்தார்? கிட்டப்பா மறைந்தபோது அவருக்கு இருபத்தைந்து வயது. வெள்ளைப் புடவைக்கு மாறினார். இனி எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். அதோடு மேடையையே விட்டு ஒதுங்கினார். அசன்தாஸ் என்ற படமுதலாளி விடாமல் கேட்டுக்கொண்டிருக்க, அவரை ஓட்டிவிடுவதற்காக ஒரு லட்ச ரூபாய் கேட்டாராம். முதலாளி சரி என்றுவிட்டார். அன்றைக்கு அது மலைக்க வைக்கும் தொகை. நந்தனாருக்கு ஜோடி இல்லை, விரதமும் பங்கமாகவில்லை. வேதியராக நடித்தவர் சங்கீத வித்வான் மகாராஜபுரம் விஸ்வநாத ஐயர். படம் எதிர்பார்த்தபடி ஓடவில்லை. ஆனந்த விகடனில் கல்கி, படத்தில் வந்த மரத்துக்கும் எருமைக்கும் ஆட்டுக்கும் நல்ல நடிப்புக்கான பாராட்டைக் கொடுத்துக் கேலி செய்தார்.

வேறொருவராக இருந்தால் அத்தோடு கதை முடிந்திருக்கும். அதற்குப் பிறகு அவர் ஏற்ற வேடங்களை வரிசையாகப் பாருங்கள். 1940ல் மணிமேகலை: துறவி. 1953ல் ஜெமினியின் ஔவையார்: இளமையைத் தானே துறந்த கிழவி. 1964ல் 'பூம்புகார்' படத்தில் கவுந்தியடிகள்: சமணத் துறவி. 1965ல் 'திருவிளையாடல்' படத்தில் மறுபடி ஔவை. 1973ல் காரைக்கால் அம்மையார்: அழகு வேண்டாம், பேயுருவே போதும் என்றவர். ஒருவருக்கும் நாயகன் கிடையாது. காதலி, மனைவி என்ற இடத்தில் நிற்க மறுத்தவருக்கு நம் புராணமும் இலக்கியமும் எத்தனை இடம் வைத்திருக்கின்றன! அவற்றைத் தேடி எடுத்து, ஆணா பெண்ணா என்ற கேள்வியே எழாத ஓர் உயரத்தில் போய் அமர்ந்துகொண்டார். இளம் முகத்தை நம்பாத வேடங்கள் ஆனதால் வயது அவரை ஒன்றும் செய்ய முடியவில்லை. 1969ல் 'துணைவன்' படப் பாடலுக்காகத் தேசிய விருது, 1970ல் பத்மஸ்ரீ. 1980ல் மறையும் வரை அவர் பழங்கதை ஆகவில்லை.

இந்த ஔவையை மேடையில் அவருக்கு முன்பே ஓர் ஆண் செய்து காட்டிவிட்டார் என்பதையும் சொல்ல வேண்டும். டி.கே.சண்முகம் அந்த வேடத்தால் 'ஔவை சண்முகம்' என்றே ஆனவர். ஆண் ஒருவர் நடித்த ஔவையையும் பெண் ஒருவர் நடித்த ஔவையையும் தமிழர்கள் ஒரே மாதிரி கும்பிட்டார்கள். சண்முகத்தின் நாடகக் குழுவில் பழகிய கமல்ஹாசன் 1996ல் மாமி வேடம் போட்டபோது, படத்துக்கு 'அவ்வை சண்முகி' என்று பெயர் வைத்து அந்தக் கடனைத் தீர்த்தார்.

இத்தனை வாழ்க்கைகளையும் அடுக்கிப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது இதுதான். ஆண் பெண்ணாகவும் பெண் ஆணாகவும் வந்து பாடுவதில் ரசிகன் முதலில் காண்பது வியப்பு. வியப்புக்கு ஆயுள் குறைவு. வியப்பு தீருவதற்குள் பாட்டு அவன் மனசுக்குள் இறங்கிவிட்டால் பாடகர் தப்பித்தார். இறங்காவிட்டால், வேடம் கலையும்போது அவரும் கலைகிறார். இதில் பாடகருக்கு மட்டும் பொறுப்பல்ல, நமக்கும் பங்கு உண்டு. பதிமூன்று வயதுப் பையனின் குரலுக்குக் கைதட்டிய ஊர், அவன் குரல் உடைந்த பிறகு என்ன ஆனான் என்று ஒருநாளும் விசாரித்ததில்லை. கொடையில் ஆடுகிற கணியான் கலைஞர்கள் இன்றும் நம் கண்ணெதிரேதான் இருக்கிறார்கள். அவர்கள் ஆடும் நேரத்தில் பக்கத்திலேயே சினிமாப் பாட்டுக் கச்சேரியை அலறவிடுவதும் நாம்தான்.

எனவே உங்களிடம் இரண்டு வேண்டுகோள்.

ஒன்று, கொடைக் கமிட்டிகளில் இருப்பவர்களுக்கு. கணியான் கூத்துக்கு முழு இரவையும் கொடுங்கள். பேசிய தொகையை மறுநாள் காலையிலேயே கையில் கொடுங்கள். அவர்கள் பாடும் நேரத்தில் மற்ற ஒலிபெருக்கிக் குழாய்களை நிறுத்தி வையுங்கள்.

இரண்டு, வீட்டுப் பரண்களை வைத்திருக்கும் எல்லாருக்கும். தென்காசி, செங்கோட்டை, கடையநல்லூர், இலஞ்சி, ஆய்க்குடிப் பக்கத்துப் பழைய வீடுகளில் இசைத்தட்டுகள், நாடக நோட்டீஸ்கள், தாத்தாவோ பெரியப்பாவோ பெண் வேடத்தில் நிற்கிற பழுப்பேறிய படங்கள் இன்னும் கிடக்கின்றன. கூச்சப்பட்டு மறைக்க வேண்டாம். பழைய பேப்பர்காரரிடம் போட வேண்டாம். அரக்குத் தட்டுகளைப் படுக்கையாக அடுக்காமல் நிமிர்த்தி வையுங்கள். வெயில் படாமல் பாருங்கள். ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால் அரக்கு கரைந்துவிடும். படத்தின் பின்னால் யார், எந்தக் கம்பெனி, என்ன வேடம் என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பென்சிலால் எழுதி வையுங்கள். பாதுகாக்க முடியாதவர்கள் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களுக்குக் கொடுக்கலாம். படியெடுத்து எங்களுக்கு அனுப்பினால், உங்கள் ஊர்ப் பெயரோடும் அந்தக் கலைஞரின் பெயரோடும் வரும் இதழ்களில் வெளியிடுகிறோம்.

சீசனுக்கு வருகிறவர்கள் செங்கோட்டையைத் தாண்டும்போது ஐந்து நிமிஷம் வண்டியை ஓரமாக நிறுத்தி, கைபேசியில் கிட்டப்பாவின் ஒரு விருத்தத்தைப் போட்டுக் கேளுங்கள். கேட்டுவிட்டு என்ன தோன்றியது என்று எழுதுங்கள், காத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்